சார்ட் பிளாட்டர் வந்தபின் திசைகாட்டி எதற்கு?

ஜூன் 11, 2024, வந்த கேள்வி

"எங்கள் போட்டில் புதிதாக சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடமான சார்ட்டின் மேல் போட்டின் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் திரை) மாட்டியிருக்கிறோம். ஒன்பது அங்குலத் திரை. ஆழம் பார்க்கும் எக்கோவும் அதிலேயே இருக்கிறது. அரபிக்கடல் முழுவதும் ஒரே கார்டில் வந்துவிட்டது. இனி சார்ட் பேப்பரும் திசைகாட்டியும் எதற்கு, கழற்றிவிடலாம் என்கிறான் தம்பி. போட் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, பார் (கடலுக்குள் இருக்கும் பவளப்பாறைத் திட்டு) எங்கே கிடக்கிறது என்று தெரிகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? கப்பலில் வேலை பார்த்த யாராவது சொல்லுங்கள்."

ஜூன் 11, இரவு

கழற்ற வேண்டாம். போட் எங்கே நிற்கிறது என்று திரைக்குத் தெரியும். பார் எங்கே கிடக்கிறது என்பது அதே துல்லியத்தில் அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே கண்ணாடிக்குள் ஒரே மாதிரிக் கோட்டில் வரைந்து காட்டுவதால் இரண்டும் ஒரே தரம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

நான் 14 வருடம் வணிகக் கப்பலில் இருந்தேன், கடைசி ஆறு வருடம் செகண்ட் மேட்டாக. பயணத் திட்டம் போடுவது, சார்ட்டைப் புதுப்பிப்பது எல்லாம் செகண்ட் மேட் வேலை. கரைக்கு வந்தபின் மூன்று சீசனாக அத்தானின் தங்கல் போட்டில் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் போட்) லட்சத்தீவுப் பக்கம் போய் வருகிறேன். கப்பலில் எக்டிஸ் என்கிற எலக்ட்ரானிக் சார்ட் திரை, போட்டின் பிளாட்டர் திரை, இரண்டோடும் ராத்திரி முழித்திருந்து பழக்கம். இப்போது தடைக்காலம், ஜூலை 31 வரை போட் கரையில்தான். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூன் 13

முதலில் ஜூம்.

போன வருடம் அக்டோபர். கொச்சியிலிருந்து கிளம்பி இரண்டாம் ராத்திரி. அத்தான் படுத்துவிட்டார். சுக்கானில் ஒரு சின்னப் பையன், நல்ல பையன், கண் அயராமல் நிற்கிறவன். திரையை 24 மைல் அளவில் வைத்திருந்தான். சுற்றிலும் வெள்ளை, அதாவது ஆழக் கடல். நடுவில் எங்கள் போட். அதிலிருந்து போகவேண்டிய புள்ளி வரைக்கும் ஒரே கோடு, குறுக்கே ஒன்றும் இல்லை.

நான் பழக்கதோஷத்தில் கூட்டல் பொத்தானை அழுத்தினேன். 12 மைலில் ஒன்றும் இல்லை. கர்சரைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போய் 6 மைலுக்கு வந்தபோது ஓரிடத்தில் அரிசிமணி அளவு நீலம், அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு. 3 மைலுக்குப் பெரிதாக்கினால் அந்த அரிசிமணி விரிந்து நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பாறையைக் காட்டும் கூட்டல் குறி. பெருமுல் பார். எங்கள் கோடு அதன் தெற்கு ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது. 31 மைல் தூரம். ஏழு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏழு கடல்மைல், நாலரை மணி நேரம். விடியுமுன்பே மேலே ஏறியிருப்போம்.

பையன் முகத்தை நான் மறக்கமாட்டேன். "அண்ணே, இது இப்பத்தான் வந்துச்சா?" என்று கேட்டான். அவன் மேல் தப்பே இல்லை. சின்ன அளவில் எல்லாவற்றையும் காட்டினால் திரை நிரம்பிவிடும் என்று, சார்ட் தரவுக்குள்ளேயே ஒவ்வொரு பொருளுக்கும் "இந்த அளவுக்குக் கீழே காட்டாதே" என்று ஒரு எண் எழுதி வைக்கிறார்கள். திரை அதன்படி மறைக்கிறது. பேப்பர் சார்ட்டில் இந்த வம்பு இல்லை. அதில் அச்சடித்த பார் எப்போதும் அங்கேயே இருக்கும்.

உலகம் சுற்றும் பந்தயப் படகுகளுக்கே இது நடந்திருக்கிறது. 2014 நவம்பர் 29, வோல்வோ ஓஷன் ரேஸ். வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போகும் வழியில், மொரிஷியஸுக்கு வடகிழக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கும் கார்கடோஸ் கரஜோஸ் பாரில் ராத்திரி 19 நாட் வேகத்தில் ஏறியது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அந்தப் பார் எலக்ட்ரானிக் சார்ட்டில் இருந்தது. அவர்கள் பார்த்த அளவில், கடலடியில் நாற்பது மீட்டர் ஆழமுள்ள மேடு என்றுதான் தோன்றியிருக்கிறது. இன்னும் பெரிதாக்கியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கைதேர்ந்த நேவிகேட்டர், நல்ல கருவி. அவர்களுக்கே அப்படி.

ஜூன் 13, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது. "கோ டூ" பொத்தானை அழுத்தினால் பிளாட்டர் நேர்கோடு போடும், அவ்வளவுதான். நடுவில் தீவு இருந்தாலும் கோடு அதன் மேலேயே போகும். சில புது மாடல்களில் வழியைச் சோதித்துச் சொல்லும் வசதி உண்டு. அதையும் கண்ணால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பலாம். கரையில் இருக்கும்போதே, 3 மைல் அளவில், கோட்டின் முழு நீளத்துக்கும் கர்சரை நகர்த்துங்கள். 250 மைல் வழிக்கு இருபது நிமிஷம் ஆகும். டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

ஜூன் 16

"அப்படியென்றால் முழுசாகப் பெரிதாக்கிப் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

தீரவில்லை. பெரிதாக்கினால் படம் பெரிதாகும், அளந்தது பெரிதாகாது. அந்த இடத்தை அளந்தவர்கள் எந்த அளவுக்கு அளந்தார்களோ அதற்கு மேல் திரை ஒன்றும் கொடுக்காது. எக்டிஸில் அளவு மீறிப் பெரிதாகும் இடத்தில் ஜெயில் கம்பி மாதிரிச் செங்குத்துக் கோடுகள் விழும். "தரவுக்கு மேல் போகிறாய்" என்று அர்த்தம். பிளாட்டர்களில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ஓவர்ஸூம் என்றோ ஓவர்ஸ்கேல் என்றோ வரும். அந்த எழுத்து எங்கே வருகிறது என்று உங்கள் கருவியில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்த தரத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கப்பலில் கேட்சாக் என்போம். ஏ1, ஏ2, பி, சி, டி, யூ என்று ஆறு படி. எக்டிஸில் நட்சத்திரங்களாகத் தெரியும். ஏ1-க்கு ஆறு நட்சத்திரம், டி-க்கு இரண்டு. யூ என்றால் மதிப்பிடவே இல்லை. பி என்றால் ஒரு பொருள் குறித்த இடத்திலிருந்து 50 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். சி என்றால் 500 மீட்டர். ஆழத்திலும் அப்படித்தான். சி தரக் கடலில் சார்ட் 10 மீட்டர் என்று காட்டினால் இரண்டரை மீட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மூன்று மீட்டர் இழுக்கும் (தண்ணீருக்குள் அவ்வளவு இறங்கி நிற்கும்) போட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதைவிட முக்கியம்: ஏ1, ஏ2 தரத்தில்தான் கடலடி முழுக்கத் தேடியிருப்பார்கள். பி-யிலிருந்து கீழே, யாரும் பார்க்காத பாறை இருக்க வாய்ப்பு உண்டு என்று அந்தக் குறியீட்டின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

ஏன் இப்படி? அந்தக் காலத்தில் ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கி அளந்தார்கள். கயிறு விழுந்த இடத்தின் ஆழம் சரி. இரண்டு விழுதுக்கு நடுவில் கோபுரம் மாதிரிப் பவளப்பாறை நின்றிருந்தாலும் கயிற்றுக்குத் தெரியாது. அந்த எண்கள்தான் பிறகு பேப்பரில் ஏறி, பேப்பரிலிருந்து கம்ப்யூட்டரில் ஏறி, இன்றைக்குக் கலர் கலராக நம் திரையில் நிற்கிறது. பழைய சார்ட்டில் அளவு பார்க்கும்போது எண்கள் சிதறலாக இருந்தாலே "இங்கே சரியாக அளக்கவில்லை" என்று கண்ணுக்குத் தெரியும். திரையில் எல்லாம் ஒரே வழவழப்பு.

இதற்கு எதிர்ப்பக்கம், நம் ஜிபிஎஸ். 2000-ஆம் வருடம் மே மாதம் அமெரிக்கா வேண்டுமென்றே போட்டு வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டியது. இப்போது சில மீட்டருக்குள் நிற்கிறது. அன்று வரைக்கும் போட்டின் இடம்தான் சந்தேகம், பாறை உறுதி. இன்று தலைகீழ். பழைய சிராங்குகள், அதாவது போட்டை நடத்துகிற தலைவர்கள், பாறையை ஒரு மைல் தள்ளிச் சுற்றிப் போனதற்கு அந்தச் சந்தேகமும் காரணம். இப்போதைய பிள்ளைகள் நூறு மீட்டரில் உரசிப் போகிறார்கள்.

ஜூன் 17

முன்பு எழுதியதில் ஒரு ஓட்டை. "பெரிய அளவில் இருப்பதுதான் நம்பிக்கையானது" என்கிற மாதிரி ஜூன் 13 குறிப்பில் ஒரு தொனி வந்துவிட்டது. ராத்திரி படுத்தபின் கார்டியன் ஞாபகம் வந்தது.

2013 ஜனவரி 17. பிலிப்பைன்ஸில் துப்பத்தாகா பவளப்பாரில் யுஎஸ்எஸ் கார்டியன் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஏறி நின்றது. கடைசியில் அங்கேயே வெட்டி எடுத்தார்கள். அவர்களுடைய டிஜிட்டல் சார்ட்டில் அந்தப் பார் ஏறக்குறைய எட்டு கடல்மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. இதில் என்னை உலுக்கிய விஷயம், தப்பாக இருந்தது கரையோரப் பெரிய அளவுச் சார்ட். அதைவிடச் சின்ன அளவுப் பொதுச் சார்ட்டில் பார் சரியான இடத்தில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் "ரெண்டும் ஒத்துப்போகலையே" என்று நின்றிருப்பார்கள்.

ஆகவே திருத்தம். பெரிதாக்கியும் பாருங்கள், சிறிதாக்கியும் பாருங்கள். ஒரு பார் அளவு மாறும்போது இடம் மாறினால் இரண்டையும் நம்பாதீர்கள். முடிந்தால் வேறு கம்பெனி கார்டு வைத்திருக்கும் பக்கத்துப் போட்டில் ஏறி அவர்கள் திரையிலும் அதே பாரைப் பாருங்கள்.

ஜூன் 22

எண் குழப்பங்கள். எனக்கே நடந்தவை, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒன்று, பாகம். நம் ஆட்களுக்கு ஆழம் என்றால் பாகம்தான். ஒரு பாகம் ஆறு அடி, 1.83 மீட்டர். போன வருடம் எங்கள் பிளாட்டர் ஹேங் ஆகி, ஒரு பையன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்துவிட்டான். அது தொழிற்சாலை அமைப்புக்குப் போனது, ஆழம் மீட்டருக்கு மாறியது. எண் பக்கத்தில் இருந்த "எம்" எழுத்து எள்ளளவு. மறுநாள் ஒரு மேட்டில் நங்கூரம் போடப் போகும்போது திரையில் 5. அத்தான் அதை ஐந்து பாகம் என்று படித்தார், ஒன்பது மீட்டர் என்று மனதில். நிஜத்தில் ஐந்து மீட்டர். அலை இறக்கத்தில் அடிக்கட்டை மணலைத் தொட்டது. மணலாக இருந்தது, பிழைத்தோம். "இது பாறையா இருந்திருந்தா?" என்று அத்தான் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. இப்போது திரைக்கு மேலே பெயிண்டில் பெரிதாக பாகம் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அமைப்பை யார் மாற்றினாலும் முதலில் அந்த எழுத்தைப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று கேட்பார்கள்.

இரண்டு, டிகிரி எழுதும் முறை. ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. அதில் டிகிரி, நிமிஷம், விநாடி என்று வரும். பிளாட்டர் பெரும்பாலும் டிகிரி, நிமிஷம், நிமிஷத்தின் தசமம் என்று கேட்கும். 10 டிகிரி 30 நிமிஷம் 45 விநாடியை 30.45 என்று அடித்தால் தப்பு. 45 விநாடி முக்கால் நிமிஷம், 30.75 என்று அடிக்க வேண்டும். வித்தியாசம் 0.3 நிமிஷம், அட்சரேகையில் 0.3 மைல், ஐந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல். மீன் தேடும்போது பரவாயில்லை. பாரின் ஓரத்தைக் குறித்துக்கொண்டு போகும்போது பரவாயில்லை என்று விட முடியாது. வயர்லெஸில் எண் வாங்கும்போதும் "விநாடியா, புள்ளியா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜூன் 22, இரவு

கர்சரைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அது பெரிய ஏமாற்று. கர்சரை நகர்த்திவிட்டால் பல கருவிகளில் திரையில் காட்டும் அட்சரேகை கர்சருடையது, போட்டுடையது இல்லை. ஆபத்து நேரத்தில் வயர்லெஸில் அந்த எண்ணைப் படித்துவிட்டால் தேடுகிறவர்கள் வேறு கடலுக்குப் போய்விடுவார்கள். படிக்கும் முன் கர்சரை மூடும் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள்.

ஜூன் 29

"சார்ட்டை விடுங்கள், எங்கள் போட்டின் பழைய டிராக் கோடுகள் திரையில் இருக்கின்றன. பத்து வருடமாகப் போய் வந்த கோடு. அதைவிட உறுதி வேறு என்ன?" என்று ஒரு சிராங்கு எழுதியிருக்கிறார். வயதில் மூத்தவர் என்று தெரிகிறது.

ஐயா, நீங்கள் சொல்வது சரி. இதில் நான் கப்பல்காரனாக யோசித்துத் தப்பாகவே நினைத்திருந்தேன். கப்பலில் பழைய டிராக்கை நாங்கள் மதிப்பதில்லை, திட்டம் போட்ட கோடுதான் எல்லாம். போட்டில் மூன்று சீசன் போனபின் புரிந்தது. நம் அடிக்கட்டை தண்ணீரில் கடந்துபோன கோடு, நாமே அளந்து வைத்த சார்ட். அதில் ஜிபிஎஸ் துல்லியமும் இருக்கிறது, ஆழமும் இருக்கிறது.

அத்தானின் அப்பா கணியம் பார்த்து மீன்பிடித்தவர். கரையில் ஒரு மலை முனையும் அதற்கு முன்னால் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேரில் வரவேண்டும், வேறொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் கல் இருக்கும். அந்தக் கணியத்தை மகன்களுக்கு மட்டும்தான் சொல்வார்கள். வெளியே சொன்னால் கல்லே பறிபோய்விடும். இன்று டிராக் கோடுகள் அதே மாதிரி ரகசியம். ஒரு போட்டை விற்கும்போது பிளாட்டரை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் இப்போதும் கரை தெரிகிற தூரத்தில் வந்தால் திரையைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் தெக்க" என்பார். திரையும் அதையே சொல்லும்.

ஆனால் ஐயா, மூன்று விஷயம் உங்கள் டிராக்கிலும் உண்டு. நீங்கள் போன அன்று நீர்மட்டம் என்ன, போட்டில் ஐஸும் டீசலும் எவ்வளவு இருந்தது என்று கோடு சொல்லாது. பாரம் குறைந்து திரும்பிய கோட்டில் முழு ஐஸோடு போனால் அடிக்கட்டை ஆழம் வேறு. அடுத்து, கோட்டுக்கு இருபது மீட்டர் இந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று கோட்டுக்குத் தெரியாது. பிறகு மணல். எங்கள் துறைமுக வாயில் ஒவ்வொரு கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்துக்குப் பிறகும் மணல் மேடு இடம் மாறுகிறது. அங்கே போன வருடக் கோட்டை நம்பி நுழைந்தால் நேரே அலை உடைகிற மணல் மேட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பாறைக்கு டிராக் நல்லது. மணலுக்கு அன்றன்று கண்ணும் எக்கோவும்தான்.

ஜூலை 4

"ஜிபிஎஸ் போனால் திரை அலாரம் அடிக்கும்தானே?" என்ற கேள்விக்கு.

அடிக்கும். அடித்தது காதில் விழ வேண்டும், விழுந்தால் யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும். 1995 ஜூன் 10, ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போகும் வழியில் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் ஏறியது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனா ஒயர் கழன்றுவிட்டது. கருவி நின்றுபோகவில்லை. வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே கணக்குப் போட்டு இடம் காட்ட ஆரம்பித்தது. திரை மூலையில் "டிஆர்" என்று இரண்டே எழுத்து. ஏறக்குறைய 34 மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. தரை தட்டியபோது கப்பல் பாதையிலிருந்து 17 மைல் தள்ளி இருந்தது.

இப்போது அதைவிடக் கஷ்டமான வகையும் இருக்கிறது. 2017 ஜூனில் கருங்கடலில் நொவொரொஸ்ஸிஸ்க் அருகே நின்ற கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. சிக்னல் போகவில்லை, பொய்ச் சிக்னல் வந்தது. விமான நிலையம் என்றதால் உடனே தெரிந்தது. இரண்டு மைல் மட்டும் தள்ளிக் காட்டியிருந்தால்?

நம் போட்டில் சாதாரணமாக நடப்பது இதெல்லாம் இல்லை. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி வோல்ட் இறங்கிப் பிளாட்டர் அணைந்து திரும்ப வரும். வரும்போது சில விநாடி பழைய இடத்தையே காட்டும். ஒயர் முனையில் உப்புப் பூத்திருக்கும். பிளாட்டருக்குத் தனி பேட்டரி போடுங்கள். கைக்கு அடக்கமான சின்ன ஜிபிஎஸ் ஒன்று, பேட்டரி செல்லோடு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். மணிக்கு ஒருதரம் நேரம், இடம், திசைகாட்டி எண், வேகம், எக்கோ ஆழம். எங்கள் போட்டில் இதை நான்தான் ஆரம்பித்தேன். முதல் சீசனில் பையன்கள் சலித்துக்கொண்டார்கள். திரை செத்தால் கடைசியாக எங்கே இருந்தோம் என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும்.

ஜூலை 9

ஏஐஎஸ் பற்றி, அதாவது கப்பலும் போட்டும் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று ரேடியோவில் தானாகச் சொல்லும் கருவி. திரையில் முக்கோணமாகக் கப்பல்கள் தெரிகின்றன, ஆகவே பயமில்லை என்பவர்களுக்கு.

நான் அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருந்து வந்தவன். கப்பலில் இருப்பது கிளாஸ் ஏ, 12.5 வாட். ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை இடம் சொல்லும். போட்டில் போடும் சாதாரண கிளாஸ் பி 2 வாட். 30 விநாடிக்கு ஒருமுறை. 2 நாட்டுக்குக் கீழே போனால் 3 நிமிஷத்துக்கு ஒருமுறை. தூண்டில் கயிறு விட்டுக் காத்துக் கிடக்கும்போது நாம் அந்த 3 நிமிஷ வகை. 16 நாட்டில் வரும் கப்பல் 3 நிமிஷத்தில் முக்கால் மைலுக்கு மேல் வந்துவிடும். ஆகவே நம்மைக் கண்டுபிடிக்கும் முன்பே பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

ஜூலை 10

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. காலையில் யோசித்தேன். கிடக்கும் போட் 3 நிமிஷத்தில் எங்கேயும் போகாது. பழைய இடமே ஏறக்குறையப் புது இடம். கப்பல் 12 மைல் தூரத்திலிருந்து வருகிறது என்றால் வந்துசேர முக்கால் மணி நேரம். அதற்குள் பதினைந்து தடவை நம் இடம் போய்ச் சேரும். தாமதம் காரணம் இல்லை.

உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நெரிசலான கடலில் திரை நிறைய முக்கோணம் வந்து அலாரம் ஓயாமல் அடிக்கும்போது, கிளாஸ் பி-யை மறைக்கும் பொத்தான் கப்பலில் இருக்கிறது. நானும் மறைத்திருக்கிறேன். ஒரு தடவை அந்த வாட்ச் முடிந்தபிறகுதான், மறைத்த முக்கோணங்களில் எங்கள் ஊர் போட் இருந்திருக்கலாம் என்று உறைத்தது. மரப்போட்டை ராடாரும் அலை இரைச்சலில் விட்டுவிடும். 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு அப்பால் கப்பல் மோதிய போட்டில் எங்கள் கடற்கரை ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சேதி கேட்ட நாளிலிருந்து நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

ஆகவே ஏஐஎஸ் போடுங்கள், கண்டிப்பாகப் போடுங்கள். போட்டதால் பார்க்கிறார்கள் என்று நினைத்து உறங்காதீர்கள். ஒருவர் முழித்திருக்க வேண்டும். மேலே எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கும் மீன்பிடி விளக்கும் எரிய வேண்டும். அரசு கொடுக்கும் சாட்டிலைட் டிரான்ஸ்பாண்டரையும் ஏஐஎஸ்ஸையும் சிலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். வேறு வேறு. டிரான்ஸ்பாண்டர் கரைக்குச் செய்தி அனுப்பும். எதிரே வரும் கப்பலின் திரையில் அது உங்களைக் காட்டாது.

ஜூலை 21

ஆழ அலாரத்தை எவ்வளவில் வைப்பது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. நிறைய அடித்தால் அணைத்துவிடுவீர்கள். 2013 செப்டம்பர் 18, டோவர் நீரிணையில் ஓவிட் என்ற டேங்கர் வார்ன் மணல் திட்டில் ஏறியது. திட்டமிட்ட வழியே திட்டின் மேல்தான் போட்டிருந்தது. எக்டிஸின் பாதுகாப்பு ஆழக்கோடு 30 மீட்டரில் கிடந்தது, அந்தக் கப்பலுக்கும் அந்த வழிக்கும் பொருந்தாத எண். அலாரச் சத்தமும் வேலை செய்யவில்லை. உங்கள் போட் மூன்று மீட்டர் இழுக்கிறது என்றால், பார் பக்கம் போகும்போது பத்து மீட்டரில் வையுங்கள். கரைக்கு வரும்போது ஐந்துக்கு மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

செப்டம்பர் 5

ஆகஸ்ட் முதல் தேதி கடல் திறந்தது. முதல் தங்கல் முடித்து நேற்றுத்தான் வந்தோம்.

இந்த இழையில் எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒன்று செய்து பார்த்தேன். வலியபாணிப் பார். அங்கே எக்கோ உதவாது. பார் கடலடியிலிருந்து சுவர் மாதிரி எழும்புவதால் எக்கோ அடி கிடைக்கவில்லை, அடி கிடைக்கவில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். அடி பிடிக்கும்போது பார் மூக்குக்கு நேரே. அதனால் ராத்திரி முழுக்க அத்தான் ஐந்து மைல் தள்ளியே போட்டை நிறுத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

விடிந்து வெயில் ஏறி, சூரியனை முதுகுப்பக்கம் வைத்து மெதுவாகக் கிட்டே போனோம். அணியத்தில், போட்டின் முன்முனையில், இரண்டு பேர். போன வருடம் அந்தக் கேள்வி கேட்ட அதே பையன் அணியத்தில் நின்று வெள்ளை நுரை தெரிந்ததும் கையைத் தூக்கினான். நான் திரையில் பார்த்தேன். பச்சை ஓரத்துக்கு இன்னும் அரை மைலுக்கு மேல் இருந்தது. ராடாரில் நுரைக் கோட்டை அளந்தேன், மூன்று தடவை. திரையின் ஓரத்துக்கும் நுரைக்கும் ஏறக்குறைய 0.2 மைல் வித்தியாசம், நம் பக்கமாக. முந்நூற்றெழுபது மீட்டர். அலை உடைவது பாரின் ஓரத்துக்கு வெளியேயும் தொடங்கலாம், ராடாரிலும் கொஞ்சம் பிழை இருக்கும், அதைக் கழித்தாலும் நிறையவே மிச்சம். திரையில் நம் போட் ஒரு மயிரிழை கூட ஆடாமல் நின்றது. பையன் வந்து திரையைப் பார்த்தான், நுரையைப் பார்த்தான். நோட்டில் அவனே எழுதினான்: "பார் படத்தை விட கிழக்க இருக்கு. 0.2." அதற்குப் பக்கத்தில் தேதியும் மணியும்.

முதலில் கேள்வி கேட்டவர், தம்பி திசைகாட்டியைக் கழற்றவில்லை, விளக்கு பல்பு கூட மாற்றிவிட்டான் என்று எழுதியிருந்தார். படித்ததும் மனசு நிறைந்தது. இன்னும் ஒன்று பார்த்துவிடுங்கள். புதுப் பிளாட்டரைத் திசைகாட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? படகுத்துறையில் கட்டியிருக்கும்போது பிளாட்டரை அணைத்துவிட்டுத் திசைகாட்டி எண்ணைக் குறியுங்கள். பிறகு போட்டுவிட்டுப் பாருங்கள். வயர்லெஸ் ஸ்பீக்கரையும் அதே மாதிரி. எண் இரண்டு மூன்று டிகிரி நகர்ந்தால் பிளாட்டரை ஒரு முழம் தள்ளி மாட்டுங்கள்.